பிளாஸ்டிக் பொம்மைக்கும் வயதாகும்

பிளாஸ்டிக்குக்கு அழிவே கிடையாது என்று பேசிப் பேசி நமக்குப் பழகிவிட்டது. மண்ணில் புதைத்தால் மக்காது, ஆற்றில் விட்டால் கரையாது. உண்மைதான். ஆனால் 1980களில் வாங்கிய ஒரு பொம்மையைப் பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். வெள்ளை முகம் பீடிக்காரர் விரலைப்போல மஞ்சளேறிக் கிடக்கும். கால்கள் தொட்டால் பிசுபிசுக்கும். கையை லேசாகத் திருப்பினால் கட்டைவிரல் ஒடிந்து நம் உள்ளங்கையில் விழும். குப்பையாகக் கிடந்தால் தலைமுறை தாண்டுகிற பொருள், பொம்மையாக இருந்தால் நாற்பது வருஷம் தாங்கத் திணறுகிறது.

இப்படி மூப்படைந்த பொம்மைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். லிஸ்பன் நகரில் 1830 முதல் ஒரு பொம்மை ஆஸ்பத்திரி இருக்கிறது. பிளாஸ்டிக் என்ற பொருளே பிறக்காத காலத்தில் திறந்த கடை அது. ஜப்பானில் 'பொம்மை டாக்டர்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் பொம்மைகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கிறார்கள். இவை தவிர, தங்கள் வீட்டு மேசையிலேயே ஒரு ஸ்க்ரூடிரைவரும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துக்கொண்டு உட்காருகிற ஆயிரக்கணக்கான பேர். இவர்கள் வேலையை ரசிப்பதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பழையது பளபளவென்று புதிதாக மாறுவதைப் பார்த்துக் கைதட்டுவது வேறு. பழுதுபார்த்த கை எங்கே நின்றது, ஏன் நின்றது என்று கவனிப்பது வேறு.

முதல் திறமை, பொம்மையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளல்ல. ஒரு பொம்மையில் தலை ஒரு வகை, உடம்பு ஒரு வகை, முடி ஒரு வகை. எது எது என்று தெரியாமல் மருந்து வைத்தால் நோயாளி போய்விடுவார். அனுபவசாலி தட்டிப் பார்ப்பார்: கணீரென்று கண்ணாடிச் சத்தம் வந்தால் பாலிஸ்டைரீன். நகத்தால் கீறிப் பார்ப்பார்: மெழுகுபோல் வழுக்கி, தடம் விழுந்தால் பாலிஎத்திலீன். உடைந்த சில்லு ஒன்றைத் தண்ணீரில் போடுவார். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், பிவிசி இவற்றில் ஒன்று. முழுப் பொம்மையைப் போட்டுப் பார்க்கக் கூடாது, உள்ளே காற்றிருந்தால் எல்லாமே மிதக்கும். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். வினிகர் நெடி அடித்தால் செல்லுலோஸ் அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விரலால் தேய்க்கும்போது சூடத்தின் வாசனை வந்தால் அது செல்லுலாய்டு; சூடம் சேர்த்துத்தான் அதைச் செய்தார்கள். அதன் பக்கத்தில் சால்டரிங் அயனைக் கொண்டுபோகக் கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

அருங்காட்சியகக்காரர்கள் தங்களைத் தூங்கவிடாத பிளாஸ்டிக்குகள் என்று நான்கைச் சொல்வார்கள்: செல்லுலாய்டு, செல்லுலோஸ் அசிடேட், மெத்தென்ற பிவிசி, பாலியூரிதேன் நுரை. அழுகும் செல்லுலாய்டிலிருந்து வரும் அமில ஆவி, அதே அலமாரியில் இருக்கும் மற்றப் பொம்மைகளையும் கெடுக்கும். ஆகவே அதைத் தனியே வைப்பார்கள், நல்ல காற்றோட்டத்தோடு. இன்று உலகமே போட்டுக் கட்டுகிற லெகோ கட்டைகளும் தொடக்கத்தில் செல்லுலோஸ் அசிடேட்தான். அந்தப் பழைய கட்டைகள் காலப்போக்கில் வளைந்து கோணிக்கொள்வதைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள். 1963இல் அந்த நிறுவனம் ஏபிஎஸ்ஸுக்கு மாறியது. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த குமிழும் குழலும் கொண்ட அமைப்பு இன்றுவரை மாறாததால், அறுபது வருஷத்துக்கு முந்திய ஏபிஎஸ் கட்டை இன்றைய கட்டையோடு நன்றாகப் பொருந்தும்.

ஒட்டுவதிலும் இதே கதைதான். பாலிஸ்டைரீனுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் பசை தேவையே இல்லை. சரியான கரைப்பானை மயிரிழைப் பிரஷில் தொட்டு விரிசலில் ஓடவிட்டால், இரண்டு விளிம்பும் இளகி ஒன்றோடொன்று கலந்து இறுகிவிடும். நல்ல கைக்கு விரிசல் இருந்த இடம் நகத்துக்கும் தட்டுப்படாது. ஆனால் நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டு இந்தப் பொம்மைகளின் அழுக்கைத் துடைக்கிறவர்கள் உண்டே, அவர்கள் செய்வதும் இதுவேதான்: முகத்தைக் கரைக்கிறார்கள். சூப்பர் குளூ அவசரக்காரர்களின் நண்பன். சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், அசையும் மூட்டில் வைத்தால் மறுபடி ஒடியும். பாலிஎத்திலீனிலோ சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது, சூடுதான் வழி. தெருவில் வந்து பிளாஸ்டிக் குடத்தின் ஓட்டையை அடைத்துக் கொடுத்தவர்களை நினைவிருக்கிறதா? பழுக்கக் காய்ந்த கம்பியால் குடத்தின் விளிம்பை இளக்கி, அதே வகைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை உருக்கி இழைப்பார்கள். திருவிழாக் கடையில் வாங்கிய ஊதல் பொம்மைக்கும் தேவை அந்த வித்தைதான். பொம்மை மராமத்துப் புத்தகம் எதையும் படிக்காமலேயே பொருளின் குணம் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

மஞ்சளுக்கு வருவோம். இந்தக் கலையில் அதிகம் பேசப்படுவதும் அதிகம் கெடுக்கப்படுவதும் அதுதான். ஏபிஎஸ்ஸில் பியூட்டாடையீன் என்ற ரப்பர்க் கூறு இருக்கிறது. கீழே போட்டால் உடையாமல் காப்பது அதுவே. அதுவே வெளிச்சத்தோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் வினைபுரிந்து மஞ்சளாவதும். பொம்மைக்கு உறுதி தந்ததே அதன் முகத்தைக் கெடுக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது அழுக்கல்ல. 2008 வாக்கில், பழைய கணினிகளைச் சேகரிப்பவர்கள் ஒரு வழி கண்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடைப் பூசிப் புற ஊதா ஒளியில் வைப்பது. 'ரெட்ரோபிரைட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பொம்மைக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

அந்த வித்தைக்கு வேண்டிய புற ஊதா ஒளி நம் ஊரில் மொட்டைமாடியில் இலவசம். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதப் பெராக்சைடே போதும். ஸ்டிக்கர்களை முதலில் கழற்றிவிட வேண்டும், உலோகப் பாகங்களைப் பிரித்துவிட வேண்டும், கையுறை கட்டாயம். பொம்மையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் முழுக மூழ்கவைத்து வெயிலில் வைத்து, அவ்வப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில்தான் கை தெரியும். பசைபோல் பூசிப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு அவசரப்பட்டவர்களின் பொம்மையில் காய்ந்த இடம் ஒரு நிறம், ஈரமான இடம் ஒரு நிறம் என்று வரிவரியாகப் புலித்தோல் விழுந்திருக்கும். அதைத் திருத்துவது கடினம். சிவப்பு, நீலம் போன்ற நிறங்களை வைத்தால் அவையும் வெளுத்துப்போகும். நன்றாகத் தேர்ந்தவர் வெள்ளை முழுதாகத் திரும்புமுன் வெளியே எடுத்துவிடுவார். ஒரு சாயல் மஞ்சள் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை என்பார். அவருக்குத் தெரியும், இந்த வெள்ளையும் நிரந்தரமல்ல. சில வருஷங்களில் மஞ்சள் திரும்பவும் எட்டிப்பார்க்கும்.

பெராக்சைடின் இன்னொரு உறவுக்காரர் பார்பியின் காதில் வேலை செய்கிறார். 1959இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமான பார்பியின் ஆரம்ப காலப் பொம்மைகளுக்குக் காதில் சின்ன உலோகத் தோடு. அதிலிருந்த செம்பு, பிவிசியோடு பல்லாண்டுகள் உறவாடி, காதிலிருந்து கன்னம்வரை பச்சைக் கறையாகப் படர்ந்தது. சேகரிப்பாளர் உலகில் 'பச்சைக் காது' என்றால் எல்லோருக்கும் தெரியும். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறையின்மேல் மட்டும் தடவி வெளிச்சத்தில் வைப்பது அதற்குக் கைகண்ட மருந்து. நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்த பொம்மையின் தொடையில் அச்சு மை ஏறியிருந்தாலும் இதே கிரீம் கேட்கும். எல்லை தாண்டித் தடவினால் அங்கே வெண்புள்ளி விழும். கன்னத்தின் ரோஜா நிறத்துக்கு ஒரு நெல்மணி தூரத்தில் கிரீமை நிறுத்தத் தெரிந்தவரின் பொறுமையை, மீனாட்சியம்மன் கோயில் விதானத்துக்கு வண்ணம் தீட்டுபவரின் பொறுமையைவிடக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது.

பிசுபிசுப்பு வேறு சமாசாரம். பிவிசியை மெத்தென்று ஆக்கக் கலந்த பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப்பொருள் மெல்ல வெளியே கசிகிறது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவலாம். கொஞ்ச காலத்தில் மறுபடி கசியும். கழுவுவது சிகிச்சையல்ல, பராமரிப்பு. இந்தக் கசிவு பக்கத்திலிருக்கும் பாலிஸ்டைரீன் பொம்மையையும் இளக்கிவிடும் என்பதால் இரண்டையும் ஒட்டி வைக்கக் கூடாது.

எனக்கு மிகப் பிடித்த பழுது ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய்ப் பொம்மையின் இடுப்பு. 1982இல் வந்த 3¾ அங்குல வீரர்களின் மேலுடம்பையும் கால்களையும் உள்ளே பிடித்துவைத்திருப்பது ஒரே ஒரு ரப்பர் ஓ-ரிங். ரப்பர் காய்ந்து அறுந்ததும் வீரர் இரண்டு துண்டாகிவிடுவார். எத்தனை வீடுகளில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதிருப்பார்களோ! முதுகிலுள்ள ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் மார்பு இரண்டாகத் திறக்கும். கால்களின் உலோகக் கொக்கியில் புது ரிங்கை மாட்டி, இடுப்புத் துண்டின் வழியே மேலே இழுத்து, மார்பின் உள்ளே கட்டையில் கோத்து மூட வேண்டும், அவ்வளவுதான். தடிமன் கூடினால் இடுப்பு திரும்பாது, குறைந்தால் நிற்காமல் தள்ளாடும். பழுது வரும் என்று எதிர்பார்த்தே ஒருவர் வரைந்ததுபோல் அத்தனை நேர்த்தியான அமைப்பு. இன்றைய பொம்மைகள் பலவற்றைப் பசையிட்டு மூடிவிடுகிறார்கள். திறக்க முடியாத பொம்மையை நான் நல்ல பொம்மை என்று சொல்லமாட்டேன்.

ஜி.ஐ. ஜோ நமக்கும் சொந்தக்காரர். சென்னை எம்ஆர்எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல் 1987இல் தொடங்கியது. ஜி.ஐ. ஜோவைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் அச்சுகளைக் கொண்டு இந்த வீரர்களை இந்தியாவில் வார்த்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் அவற்றில் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று தேடுவதே அந்த 'தப்பான' நிறங்களைத்தான். இங்கே ஒருவர் உரிந்த பெயின்ட்டைப் பார்த்துவிட்டு, அமெரிக்கப் படத்தை வைத்துக்கொண்டு 'சரியான' நிறம் பூசினார் என்று வையுங்கள். பொம்மை அழகாகத்தான் இருக்கும். ஃபன்ஸ்கூல் மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆகவே முழுக்கச் சுரண்டி, முழுக்கப் பெயின்ட் அடித்து, கடையிலிருந்து வந்ததுபோல் நிறுத்துகிற வேலைகளில் எனக்கு ஈடுபாடில்லை. கைத்திறன் இருக்கலாம், ரசனை இல்லை. காலமும் அலட்சியமும் செய்த கேடு வேறு, பிள்ளை விளையாடிய தடம் வேறு. மஞ்சள், பச்சைக் கறை, கசிந்த பேட்டரி அரித்த கம்பி இவற்றை எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி கசிந்த இடத்தில் வினிகரைத் தொட்டுத் துடைத்தாலே பாதிப் பொம்மைகள் மறுபடி பேசும். ஆனால் குதிரையின் காதில் பதிந்த பால்பற்களின் தடத்தையும், லாரியின் அடியில் ஆணியால் கீறிய பெயரையும் நிரப்பி மெழுகுகிறவரிடம் என் பொம்மையை நான் கொடுக்கமாட்டேன்.

கைவிட வேண்டியதைக் கைவிடத் தெரிவதும் இந்தக் கலையில் சேர்த்தி. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் அஞ்சும் ஒன்று உண்டு: தங்க மினுமினுப்புத் தூள் கலந்து வார்த்த பாகங்கள். காலம் ஆக ஆக உள்ளிருந்தே வலுவிழந்து, ஒரு மூட்டைத் திருப்பினால் பொலபொலவென்று உதிரும். அதற்கு வைத்தியமில்லை. திருப்பாமல் வைத்திருப்பது ஒன்றே வழி. அதேபோல, பழைய பிளாஸ்டிக்கின் நிறங்களில் ஈயமும் காட்மியமும் இருந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தூள் பறக்கத் தேய்ப்பதோ, சரிசெய்த பொம்மையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையிடம் கொடுப்பதோ கூடாது.

நவராத்திரிக்குக் கொலுப் பெட்டி இறங்கும்போது கவனியுங்கள். படிகளில் மண் பொம்மைகள் அமர, கீழே பிள்ளைகள் போடுகிற பூங்காவில்தான் இந்தப் பழைய பிளாஸ்டிக் யானைகளும் சிப்பாய்களும் வண்டிகளும் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருகின்றன. திரும்பக் கட்டும்போது நியூஸ்பேப்பரில் சுற்றாதீர்கள், வெளுத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். பாலிதீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் பரணில் ஏற்றாமல், வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத ஓர் அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள்.