துணைமாந்தரும் தனிக்கூற்றும்
இளையோர் நாவல் தொடர்களின் சார்புக் குறுநாவல்கள் பற்றிய ஓர் ஆய்வு

நாவலை ஆராய்வோர் தலைமை மாந்தரைப் பற்றி எழுதும் அளவிற்குத் துணைமாந்தரைப் பற்றி எழுதுவதில்லை. கதையின் போக்கு தலைமை மாந்தரைச் சார்ந்து நிற்றலின் இஃது இயல்பே. ஆயினும், துணைமாந்தர் ஒருவர் தமக்கு இடந்தந்த நாவலினின்றும் வெளிவந்து, தமக்கெனத் தனிநூல் ஒன்று பெறுங்கால், அந்நூலை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா எழுகின்றது. அண்மைக் காலத்து அமெரிக்க இளையோர் இலக்கியத்தில் இத்தகைய குறுநாவல்கள் பல தோன்றியுள்ளன. அவற்றுட் சிலவற்றை எடுத்துக்கொண்டு இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சூசன் காலின்சு எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' என்னும் நாவல் 2008இல் வெளிவந்து பெரும்புகழ் எய்திய பின்னர், வருங்காலத்துக் கொடிய அரசமைப்பைப் புனைந்து காட்டும் இளையோர் நாவல் தொடர்கள் பெருகின. இவற்றை ஈண்டுக் கொடுங்கோலுலகக் கதைகள் எனக் குறிப்போம். அவற்றுட் பலவற்றிற்குப் பொதுவாக இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, அரசு மக்களை வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயரும் ஓர் எல்லையும் வகுத்துவிடுகின்றது. இரண்டாவது, பதினாறு பதினேழு அகவையுடைய பெண்ணொருத்தி தன் கதையைத் தானே தன்மையிடத்தில் நின்று கூறுகின்றாள். இத்தொடர்களின் ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் இடையே குறுநாவல்கள் மின்னூலாக வெளியிடப்பெற்றன; பின்னர் அவை தொகுக்கப்பெற்று அச்சிலும் வந்தன. அடுத்த நூல் வருமளவும் படிப்போரின் ஆர்வம் தணியாமற் காத்தல் பதிப்பகத்தார்க்குப் பயன் தருவதே. ஆனால் பிறந்த காரணம் வாணிகமாயினும், நூலின் தகுதி அதனுள்ளே காணத்தக்கது. புரவலர் பரிசிலை நாடி எழுந்த பாடல்களைப் போற்றும் நாம் இவ்வுண்மையை எளிதில் உணர்வோம்.

இத்தகைய குறுநாவலை நம் இலக்கணத்தார் வகுத்த சார்புநூலோடு ஒருவாறு ஒப்பிடலாம். முதனூலோடு ஒருபுடை ஒத்தும், பிறிதொருபுடை வேறுபட்டும் செல்வது சார்புநூல். முற்றும் ஒப்பின் அது கூறியது கூறலாகும். முற்றும் வேறுபடின் சார்பு என்னும் பெயர் பொருந்தாது. மேலும், அகத்திணை மரபில் கிழவன் கிழத்தியர்க்கே அன்றித் தோழி, செவிலி, பரத்தை முதலியோர்க்கும் கூற்று உண்டு. ஒரே நிகழ்ச்சி தலைவி கூற்றில் ஒருவகையாகவும், பரத்தை கூற்றில் வேறொரு வகையாகவும் தோன்றும். தலைவி ஒருத்தியின் கூற்று மட்டுமே நமக்குக் கிட்டியிருப்பின், பரத்தையின் உள்ளம் நமக்குப் புலப்பட்டிராது. கொடுங்கோலுலகக் கதைகளின் நிலை இதுவே. கதை கூறுபவளின் கண் சென்றவிடத்தில் மட்டுமே பிறர் உளர்; அவள் அகன்றதும் அவர்தம் வாழ்வும் மறைகின்றது. ஆகவே, துணைமாந்தர்க்குக் கூற்று அளித்தல் இத்தொடர்களில் வெறும் அணியன்று. முதனூலின் அமைப்பே வேண்டி நிற்கும் ஒன்று.

இதனைக் கொண்டு மூன்று அளவைகளை வகுத்துக்கொள்வோம். குறுநாவல் முதனூலில் இல்லாத அறிவு எதனையேனும் தருகின்றதா? துணைமாந்தர் அதன்கண் தம் பொருட்டு வாழ்கின்றாரா, அன்றித் தலைவியின் பொருட்டே வாழ்கின்றாரா? அவர் உள்ளத்தை விளக்குமிடத்து, அவர் செய்த செயலின் பொறுப்பை அது மறைத்துவிடாமல் விடுகின்றதா? இம்மூன்றனுள் இறுதியானதே மிக்க இன்றியமையாதது என்பது நம் கருத்து.

வெரோனிகா ராத் எழுதிய 'டைவர்ஜென்ட்' (2011) என்னும் நாவலை முதலில் நோக்குவோம். சிதைந்த சிக்காகோ நகரில் மக்கள் தன்னலம் துறந்தோர், அஞ்சாதோர், கல்வியாளர், வாய்மையர், நட்பினர் என ஐந்து பிரிவினராக வாழ்கின்றனர். டிரிசு என்னும் பெண் அஞ்சாதோர் பிரிவிற் சேர்கின்றாள். அவளைப் பயிற்றுபவன் ஃபோர் எனப்படும் டொபையசு. பயிற்சிக் களத்தில் அஞ்சிய மாணவன் ஒருவனுக்கு மாறாக அவள் தானே இலக்கின் முன்னே நிற்க, டொபையசு கத்திகளை எறிகின்றான். ஒரு கத்தி அவள் செவியைக் கீறுகின்றது. இந்நிகழ்ச்சியை அவன் வாய்மொழியாகத் திரும்பக் கூறுவது 'ஃப்ரீ ஃபோர்' (2012) என்னும் சிறுநூல். களமும் உரையாடலும் முதனூலில் உள்ளவையே. அவனுடைய உட்கருத்து ஒன்றே புதிது. அவன் அவள்பால் அன்புடையான் என்பதை முதனூலைப் படித்து முடித்தோர் முன்னரே அறிவர். எனவே இந்நூல் முதல் அளவையிலேயே தளர்கின்றது. கண் மாறினும் காட்சி மாறவில்லை.

அவ்வாசிரியரே எழுதிய 'தி டிரான்ஸ்ஃபர்' (2013) இதனினும் சிறந்தது. இது டிரிசு வருவதற்கு முன்னர் நிகழ்ந்த கதை. டொபையசின் தந்தை மார்க்கசு தன்னலம் துறந்தோருள் தலைவர். வீட்டிலோ மகனை அடிப்பவர். தேர்வில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவரே மகனுக்குக் கற்பிக்கின்றார். தேர்வின் முடிவு அவன் பிறந்த பிரிவுக்கே உரியவன் என்கின்றது. அம்முடிவைத் தள்ளிவிட்டு, அவன் அஞ்சாதோரிடம் செல்கின்றான். அவனுடைய அச்சங்கள் நான்கே என்பதனால் ஃபோர் என்னும் பெயர் வந்தது. டிரிசின் கண்ணுக்கு அவன் வீரத்தின் வடிவம். தன் கூற்றிலோ அவன் ஒரு வீட்டிலிருந்து தப்பி ஓடிய சிறுவன். அஞ்சாதோர் போற்றும் ஒருவன் அச்சத்தினாலேயே அங்கு வந்தான் என்னும் இவ்வுண்மை அப்பிரிவினையின் பொய்ம்மையை வெளிப்படுத்துகின்றது. அவன் தந்தையை அஞ்சுவது முதனூலிலும் குறிக்கப்பெற்றதே. ஆயினும் அங்கு அது டிரிசு கண்ட ஒரு காட்சி. இங்கு அவன் வாழ்ந்த ஒரு வாழ்க்கை. இத்தொடரைத் தாம் முதலில் டொபையசின் கூற்றாகவே எழுதத் தொடங்கியதாக ராத் தெரிவித்துள்ளார். கைவிட்ட அக்கூற்றுக்கு அவர் மீண்டதனாற் போலும், 2014இல் வெளிவந்த 'ஃபோர்' என்னும் தொகுப்பின் கதைகளில் டிரிசு இல்லாத பகுதிகளே உயிர்ப்புடன் விளங்குகின்றன.

லாரன் ஆலிவர் எழுதிய 'டெலிரியம்' (2011) தொடரின் குறுநாவல்கள் இரண்டாம் அளவைக்குத் தக்க சான்று. அவ்வுலகில் காதல் ஒரு நோய். பதினெட்டாம் அகவையில் மூளையில் மருத்துவம் செய்து அதனைப் போக்குவர். கதை கூறும் லீனா தொடக்கத்தில் அடக்கமும் அச்சமும் உடையவள். அவள் தோழி ஹானாவோ தடைசெய்யப்பட்ட இசையையும் கூட்டங்களையும் நாடித் துணிவுடன் செல்பவள். லீனா காதல்வயப்பட்ட பின்னர் ஹானா கதையின் ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றாள். 'ஹானா' (2012) என்னும் குறுநாவல் அதே கோடைக்காலத்தை அவள் கூற்றாகத் தருகின்றது. துணிந்தவள் என நாம் எண்ணியிருந்தவள் தனிமையில் வாடுகின்றாள். தனக்குக் கிட்டாத ஒன்று தோழிக்குக் கிட்டியது கண்டு அழுக்காறு கொள்கின்றாள். இறுதியில் அவளையும் அவள் காதலனையும் காட்டிக்கொடுக்கின்றாள்.

இக்குறுநாவலின் சிறப்பு யாது? ஹானாவின் உள்ளத்தை நாம் முற்றும் அறிகின்றோம். அவள்பால் இரக்கமும் கொள்கின்றோம். ஆயினும் அவள் செயல் சிறிதும் சிறுமை குறைந்து தோன்றவில்லை. அறிந்தோறும் அதன் கொடுமை மிகுகின்றது. அரசின் ஆணையால் அன்றி, அழுக்காறு என்னும் மிகப் பழைய மனித இயல்பால் அது நேர்ந்தது. கொடுங்கோல் அரசு தானே எல்லாவற்றையும் செய்வதில்லை. நம்மிடம் முன்னரே உள்ள சிறுமைகளை அது பயன்படுத்திக்கொள்கின்றது. இவ்வுண்மையை லீனாவின் கூற்று தர இயலாது. அவள் அப்போது அதனை அறியாள். 'ரெக்வியம்' (2013) என்னும் இறுதி நாவலில் லீனாவின் கூற்றும் ஹானாவின் கூற்றும் மாறிமாறி வருகின்றன. மருத்துவம் முடிந்த பின்னும் ஹானாவின் குற்றவுணர்வு அவளை விட்டு நீங்கவில்லை. குறுநாவலில் அவள் பெற்ற கூற்று முதனூலிலும் இடம்பெறும் உரிமையைத் தேடித் தந்தது எனலாம்.

அத்தொடரின் 'அனபெல்' (2012) லீனாவின் தாயைப் பற்றியது. தாய் தற்கொலை செய்துகொண்டாள் என்றே லீனா வளர்க்கப்படுகின்றாள். உண்மையில் அவள் சிறையில் அடைபட்டிருந்தாள். காதல் என்னும் சொல்லைச் சுவரெங்கும் செதுக்கி, அதன் ஓர் எழுத்தையே வழியாகத் துளைத்து அவள் வெளியேறிய வெற்றறையை முதல் நாவலில் லீனா காண்கின்றாள். அங்கு அவள் ஒரு சுவடு மட்டுமே. குறுநாவல் அவளுடைய முற்காலத்தையும் சிறைக்காலத்தையும் மாறிமாறிக் கூறி, தாய் என்னும் உறவுப்பெயருக்கு முன்னரும் அவளுக்கு ஒரு வாழ்வு இருந்தது எனக் காட்டுகின்றது. இரண்டாம் அளவையில் இந்நூல் முழுத் தகுதி பெறுகின்றது.

இனி, நம் கருத்து வேறுபாட்டிற்கு உரிய நூல் ஒன்றைக் காண்போம். தாஹிரே மாஃபி எழுதிய 'ஷேட்டர் மீ' (2011) என்னும் நாவலில், தீண்டினாரைக் கொல்லும் ஆற்றலுடைய ஜூலியட்டைச் சிறைப்படுத்தி, அவ்வாற்றலை அரசின் படைக்கலமாக்க முயல்பவன் வார்னர். 'டெஸ்ட்ராய் மீ' (2012) என்னும் குறுநாவல், அவளால் சுடப்பட்டுத் தேறிவரும் அவனுடைய கூற்று. கொடிய தந்தையின்கீழ் அவன் படும் துன்பமும், ஜூலியட் சிறையில் எழுதிய குறிப்பேட்டைப் படித்து அவன் உருகுதலும் அதன்கண் கூறப்படுகின்றன. உள்ளத்தைத் திறந்து காட்டும் திறத்தில் இந்நூல் மிக்க ஆற்றலுடையது என்பதை மறுப்பதற்கில்லை. இளையோர் பலர் வார்னரை விரும்பத் தொடங்கியதற்கு இதுவே வாயிலாயிற்று.

ஆயினும் ஒன்று கேட்கின்றோம். ஒருத்தியின் அந்தரங்கக் குறிப்பேட்டை அவள் இசைவின்றிப் படித்தல் அன்பாகுமா? அவள் உடலைச் சிறைப்படுத்தியவன் அவள் எழுத்தையும் கைக்கொள்கின்றான். குறுநாவலோ அதனைக் காதலின் மென்மையாகவே நமக்குக் காட்டுகின்றது. பின்வந்த 'இக்னைட் மீ' (2014) என்னும் நாவலில் வார்னரின் பழைய கொடுஞ்செயல்கள் ஒவ்வொன்றிற்கும் ஒரு விளக்கம் வருகின்றது. சிறு குழந்தையொன்றை வைத்து அவன் நிகழ்த்திய கொடிய சோதனை வெறும் தோற்றமே என்கின்றனர். அவன் கொன்ற படைவீரன் தன் குடும்பத்தைத் துன்புறுத்தியவன் என்கின்றனர். உள்ளத்தை அறியச் செய்தல் ஒன்று; செயலையே மாற்றியமைத்தல் மற்றொன்று. செய்த தீமையைச் செய்யாத தீமையாக்கிவிடின், மன்னிப்பிற்கும் அங்கு இடமில்லை. மன்னித்தற்குரிய குற்றமே எஞ்சாதன்றோ? ஆடம் என்பானின் கூற்றாகிய 'ஃப்ராக்சர் மீ' (2013) இதற்கு மறுதலை. தம்பியைக் காத்தலே தன் முதற்கடமை எனக் கருதும் அவன், தலைவியின் காதலன் என்னும் நிலையினின்றும் சிறிது தாழ்ந்தே தோன்றுகின்றான். ஒருவனை உயர்த்தவும் மற்றொருவனைத் தாழ்த்தவும் கூற்று ஒரு கருவியாகப் பயன்பட்டதோ என ஐயுற இடமுண்டு.

கொடியவரைப் பேசவிட்டும் பொறுப்பைக் காத்தல் இயலாததன்று. மரிசா மேயரின் 'ஃபேரஸ்ட்' (2015) இதற்குச் சான்று. நிலவுலகை ஆளும் கொடிய அரசி லெவானா, தமக்கையின் கொடுமையால் நெருப்பில் உருச்சிதைந்தவள், அன்பிற்கு ஏங்குபவள். அவ்வேக்கத்தாலேயே மனைவியை இழந்த காவலன் ஒருவனை மனமயக்கினால் கட்டாயப்படுத்தித் தன் கணவனாக்குகின்றாள். அவள் துயரை நாம் உணர்கின்றோம். அவள் செய்தது தீமை என்பதையும் ஒருபோதும் மறவோம். படர்க்கையில் அமைந்த இந்நூல் அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் இடங்களை நமக்கு வெளிப்படையாகவே காட்டிவிடுகின்றது. தன்மைக் கூற்று ஒன்றே உள்ளத்தை அறிதற்குரிய வழி என்பார்க்கு இஃது ஒரு விடை.

துணைமாந்தரைப் பற்றிய மறைவே முதனூலின் அழகு என்றும், அதனை விளக்குதல் படிப்போரின் கற்பனையைக் குறைக்கும் என்றும் சிலர் கூறுவர். 'ஃப்ரீ ஃபோர்' போன்றவற்றிற்கு இக்கூற்று பொருந்தும். 'ஹானா'விற்குப் பொருந்தாது. அதனைப் படித்த பின்னர் முதனூலுக்கு மீள்வோர், முன்னர்க் கருதாது கடந்த ஹானாவின் சொற்களில் புதுப்பொருள் காண்கின்றனர். முதனூலை மறுமுறை படிக்கத் தூண்டுவதே சார்புநூலின் சிறப்பு.

இக்கதைகளின் அரசுகள் மக்களை ஒரு பெயருக்குள் அடக்கி, அப்பெயரையே அவராகக் கொள்கின்றன. தலைமை மாந்தர் ஒருவரின் கூற்று மட்டுமே கொண்ட நாவலும், தன்னை அறியாமலே, பிறரைத் தோழி, தாய், பகைவன் என்னும் பெயர்களுக்குள் அடக்கிவிடுகின்றது. நல்ல சார்புக் குறுநாவல் அப்பெயரை உடைத்து மனிதரைக் காட்டுகின்றது. அவ்வாறு காட்டப்பெறும் மனிதர்க்குத் தம் செயலுக்குப் பொறுப்பேற்கும் உரிமையும் வேண்டும். அதனையும் பறித்துவிடின், பகைவன் என்னும் பெயரை நீக்கிக் காதலன் என்னும் பெயரைச் சூட்டியதாகுமே தவிர, மனிதனைக் கண்டதாகாது. பிறரை நண்பர் எனவும் பகைவர் எனவும் விரைந்து வகுக்கும் பருவத்தினரே இந்நூல்களைப் படிக்கின்றனர். ஒருவரை அறிதலும் அவர் செயலை மதிப்பிடுதலும் ஒருங்கே இயலும் என்பதை அவர்க்கு உணர்த்துதலின், 'ஹானா' என்னும் அச்சிறு நூலை இவ்வகையுள் முதன்மையானதாகக் கொள்கின்றோம்.