சாகாத சாமுராயும் செத்துச் சாமியான பட்டவராயனும்

குற்றாலம் சித்திரசபையில் நடராசர் சிலையாக இல்லை, ஓவியமாக ஆடுகிறார். சுற்றிலும் சுவரெங்கும் புராணக் காட்சிகள். அருவி ஈரம் காயாமல் அங்கே போய் நிற்கும்போதெல்லாம், படத்தால் கதை சொல்வது நமக்குப் புதிதில்லை என்று தோன்றும். அப்படியானால் நம் நாட்டார் கதைகளின் வீரர்கள் சாகசப் படக்கதைக்குள் வருவார்களா? இந்தக் கேள்வியோடுதான் ஸ்டான் சகாயின் ‘உசாகி யொஜிம்போ’ படக்கதைத் தொடரைப் படித்தேன்.

1984இல் தொடங்கிய அந்தக் கதையின் நாயகன் ஒரு முயல். போரில் தலைவனை இழந்து ஊர் ஊராகத் திரியும் சாமுராய். வழியில் கப்பா, தெங்கு, நரிப்பேய் என்று ஜப்பானிய நாட்டார் கதைகளின் உயிர்கள் குறுக்கிடுகின்றன. பேயை அதன் மண்ணிலிருந்து பிடுங்காமல் வரைவதுதான் சகாயின் பெரிய பலம். பட்டம் கட்டுவதையும் பானை வனைவதையும்கூடப் பக்கம் பக்கமாக, பொறுமையாகக் காட்டுகிறார். தேடிப் படித்ததைக் கதைக்குப் பின்னே குறிப்பாகவும் எழுதுகிறார். இந்த உழைப்பை மனதாரப் பாராட்டுகிறேன்.

என்னை உறுத்துவது சாவு. வெட்டுப்பட்டவன் வாயிலிருந்து மண்டையோடு வரைந்த சிறு குமிழி ஒன்று எழும்பும், அவ்வளவுதான். முயல் அடுத்த ஊருக்கு நடையைக் கட்டிவிடும். தொடர் நடக்க வேண்டுமென்றால் நாயகன் பிழைத்தே ஆகவேண்டும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் நமக்குத் தமிழில் தந்த அயல்நாட்டு வீரர்களுக்கும் இதே விதிதான்.

நம் பக்கத்து வில்லுப்பாட்டில் விதி தலைகீழ். முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கும் குலத்துச் சகோதரிகள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கப் பூணூலை அறுத்தான். தோல் வேலை பழகினான். மணநாள் இரவிலேயே மாடு கவர வந்தவர்களோடு மோதி, வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். செத்ததால்தான் அவன் பட்டவராயன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் சாமி. கொடை விழாவில் வில்லடித்துப் பாடும்போது அந்தச் சாவு மறுபடி நடக்கிறது. கேட்பவர் உடம்பில் அருள் இறங்குகிறது. அச்சுக் கட்டத்துக்குள் இது அடங்குமா?

அச்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்தச் சகோதரிகள் பிறப்பால் பிராமணப் பெண்கள் என்று பிற்காலத்தில் கதையை மாற்றியதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஊருக்கு ஊர் வேறாகப் பாடப்படும் கதையில், இப்படி ஒரு திருத்தம் படமாக நிலைத்துவிட்டால் கதையின் முதுகெலும்பே போய்விடும். ஆகவே வரைபவர் எந்தப் பாடத்தைக் கையில் எடுக்கிறார் என்பது கோட்டின் அழகைவிட முக்கியம்.

ஆனாலும் வரையத்தான் வேண்டும். தொடராக வேண்டாம், சாவோடு முடியும் ஒற்றைப் புத்தகமாக. என்னைக் கேட்டால் முதல் கட்டத்தில் சண்டை வராது. பட்டவராயன் சன்னதியில் மக்கள் காணிக்கையாகச் செலுத்தும் தோல் செருப்புகள்தான் வரும். அவற்றைப் போட்டுக்கொண்டு அவர் காட்டில் நடக்கிறார், அடுத்த வருடம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்கிறார்கள். அந்தத் தேய்ந்த அடியைப் பெரிதாக, பக்கம் நிறைய வரைய வேண்டும்.