பெற்றவர் வீட்டுப் பெட்டி: போர்க்கால, போருக்குப் பிந்தைய கடிதத் தொகுப்புகளை வாசித்தல் குறித்து

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் தமிழ் எழுத்தாளர்கள் எழுதிய கடிதங்கள், எழுதியவரின் வாழ்க்கைச் சான்றுகளாகவே பெரும்பாலான ஆய்வுகளில் கையாளப்படுகின்றன. அவை பெற்றவரால் காக்கப்பட்டவை என்பதிலிருந்து வாசிப்பைத் தொடங்கினால் புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி ஆகியோரின் கடிதங்கள் வேறு பொருள் தருவதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகிறது.

திறவுச்சொற்கள்: கடித இலக்கியம், போர்க்காலம், புதுமைப்பித்தன், கமலா விருத்தாசலம், கு. அழகிரிசாமி, பதிப்பியல்

திருவான்மியூரில் தங்கி ஆய்வு மேற்கொள்ளும் மாணவருக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. வடக்கே பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், மேற்கே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இரண்டுக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். முன்னதில் உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன. பின்னதில், கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடும் இதழ்களோடும் சேர்த்துத் திரட்டிய தனிக்கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள், நாடக நோட்டீசுகள் முதலியன உள்ளன. இவ்விரு இடங்களுக்கும் மாறிமாறிச் சென்றுவந்த நாள்களில் எனக்குப் புலப்பட்டது மிக எளிய ஒரு செய்தி. உ.வே.சா.வின் பெயரால் அமைந்த கடிதச் சேகரிப்பில் இருப்பது உ.வே.சா.வின் கையெழுத்து அன்று, பிறருடைய கையெழுத்து. அவர் எழுதிய மறுமொழிகள் யாழ்ப்பாணத்துக்கும் திருவாவடுதுறைக்கும் மதுரைக்கும் போய்விட்டன. கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை. ஆகவே கடிதச் சேகரிப்பு என்பது பெறுநரின் சேகரிப்பே.

இதனை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆயினும் நம் ஆய்வேடுகள் இதை மறந்தே எழுதப்படுகின்றன என்பது என் கருத்து. 'கடிதங்களின்வழி ஆசிரியரின் ஆளுமை' என்னும் இயல் தலைப்பை எத்தனை ஆய்வேடுகளில் காண்கிறோம்! கடிதம் அங்கே எழுதியவரின் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி ஆகிவிடுகிறது. அது யாரை நோக்கி எழுதப்பட்டது, அவர் அதற்கு முன் என்ன கேட்டிருந்தார், அதை எங்கே எதற்காகப் பத்திரப்படுத்தினார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. அமைதிக்காலக் கடிதங்களில் இக்குறையால் பெரிய இழப்பு நேராமல் போகலாம். மனிதர்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த 1940களின் கடிதங்களில் அவ்வாறன்று.

1942 ஏப்ரலும் சாமிநாதையரும்

1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகியவற்றின்மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரம் அச்சத்தால் காலியாயிற்று. அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாற்றப்பட்டன; இயன்றவர்கள் மனைவி மக்களைச் சொந்த ஊருக்கு அனுப்பினர். எண்பத்தேழு வயதான உ.வே.சா.வும் திருவல்லிக்கேணி வீட்டைவிட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். அம்மாதம் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்துகொண்டிருந்த 'என் சரித்திரம்' முற்றுப்பெறாமல் நின்றது. அடுத்த ஆண்டே, 1943 ஜூலையில், ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரில் நூல்நிலையம் தோன்றியது. பெசன்ட் நகர்க் கட்டடத்துக்கு அது வந்தது 1967இல். நாம் இன்று அமைதியாக அமர்ந்து படிக்கும் அந்நூல்நிலையமே போர்க்காலத்தின் பிள்ளை என்று சொல்லத் தோன்றுகிறது.

உ.வே.சா. ஆண்டுக்கணக்கில் ஒரே வீட்டில் வாழ்ந்தவர், எதையும் எறியாதவர், தம் காலத்திலேயே நிறுவனம்போல் ஆனவர். ஆகவே அவருக்கு வந்தவை நிலைத்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' முதல் தொகுதி 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களைக் கொண்டது. போர்க்காலம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும் பெறுநரை மையமாக வைத்துக் கடிதங்களைப் பதிப்பிப்பது எவ்வாறு என்பதற்கு அது நமக்கு முன்மாதிரி. அப்பதிப்பில் பேசுவோர் பலர், கேட்பவர் ஒருவர். நாம் வழக்கமாகக் காணும் தொகுப்புகளிலோ பேசுபவர் ஒருவர். கேட்டவர் முகவரியாகச் சுருங்கிவிடுகிறார்.

கமலாவின் பெட்டி

அவ்வாறு சுருங்கியவர்களுள் முதன்மையானவர் கமலா விருத்தாசலம். புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இளையபாரதியின் தொகுப்பில் 'கண்மணி கமலாவுக்கு' என நூலாயின. விளிச்சொல்லே நூற்பெயர். வாசகர் அட்டையைப் பார்த்ததுமே கணவரின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். தமிழில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கடித நூல்களுள் இதுவும் ஒன்று. மேற்கோள் காட்டப்படுவது பெரும்பாலும் இரண்டு நோக்கங்களுக்காக: ஒன்று எழுத்தாளனின் வறுமை, மற்றொன்று அவன் காதல்.

இக்கடிதங்கள் ஏன் பிறந்தன என்று முதலில் கேட்க வேண்டும். கமலாவின் பிறந்தகம் திருவனந்தபுரம். புதுமைப்பித்தனுக்குச் சென்னையில் வேலை. தினமணியில் பணியாற்றி, 1943இல் அதிலிருந்து விலகி, தினசரிக்குச் சென்று, பின் திரைப்படத் துறைக்குள் நுழைந்து, இறுதியில் 'ராஜமுக்தி' படப் பணிக்காகப் புனே வரை சென்றவர் அவர். நோயோடு திரும்பி 1948இல், நாற்பத்திரண்டாம் வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார். அலைந்தவர் அவர். இருந்த இடத்தில் இருந்து கடிதங்களை வாங்கி வைத்தவர் கமலா. அதனால்தான் அவர் கடிதங்கள் நமக்குக் கிடைத்தன. அவருக்குக் கமலா எழுதியவை அந்நூலில் இல்லை. இங்கே ஆணின் எழுத்து காக்கப்பட்டதற்கும் பெண்ணின் எழுத்து காணாமற் போனதற்கும் காரணம் ஒன்றே. வாடகை அறைகளிலும் படப்பிடிப்பு ஊர்களிலும் வாழ்ந்தவரிடம் பெட்டி தங்காது. காத்தலைச் செய்தவர் அக்காத்தலாலேயே மறைக்கப்பட்டார்.

கமலா எழுதத் தெரியாதவராக இருந்திருந்தால் இவ்வாதத்துக்கு வலு குறைவு. அவரோ சிறுகதை எழுதியவர். 'காசுமாலை' அவருடைய தொகுப்பு. கணவரைப் பற்றிய நினைவுகளையும் எழுதியிருக்கிறார். ஆகவே நாம் இழந்திருப்பது ஓர் இல்லத்தரசியின் நலவிசாரிப்புகளை மட்டும் அன்று. ஓர் எழுத்தாளரின் போர்க்கால உரைநடையை. (நலவிசாரிப்புகள் மட்டுமே என்றாலும் அது இழப்புத்தான்.)

இழந்ததை ஓரளவு மீட்க வழி உண்டு. புதுமைப்பித்தனின் கடிதங்களில் மறுமொழித் தன்மை உடைய வரிகளைப் பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும். சமாதானம் சொல்லும் வரிக்குப் பின்னே ஒரு குற்றச்சாட்டு இருந்திருக்கிறது. பணம் அனுப்புவதாக உறுதி கூறும் வரிக்குப் பின்னே பணம் வரவில்லை என்னும் அறிவிப்பு இருந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள் என்னும் வரி, நோயைப் பற்றி எழுதப்பட்ட ஒன்றுக்கு விடையாக இருக்கலாம். இவ்வாறு வாசிக்கும்போது அன்பின் வெளிப்பாடு என நாம் கொண்டாடும் பகுதிகள் சில, கேட்கப்பட்ட கணக்குக்குச் சொல்லப்பட்ட பதில்களாகத் தோன்றத் தொடங்குகின்றன. அன்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அன்பும் கணக்கும் ஒரே தாளில், ஒரே மூச்சில் எழுதப்பட்டன என்கிறேன்.

இந்த இடத்தில் 'தனிப்பட்ட கடிதம்', 'தொழில்சார் கடிதம்' என்னும் பாகுபாடு உடைகிறது. இவ்வாண்டுகளில் விலைவாசி ஏறியது. உணவுப் பங்கீடு வந்தது. காகிதக் கட்டுப்பாட்டால் இதழ்கள் மெலிந்தன. பத்திரிகையாளனின் சம்பளமும் வீட்டு அடுப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. மனைவிக்கு எழுதும் கடிதத்தில் முதலாளியும் படத் தயாரிப்பாளரும் மணியார்டரும் வருவது இதனால்தான். கடிதத் தொகுப்புகளில் இத்தகைய வரிகளை 'இலக்கியச் சுவையற்றவை' எனக் கருதி வெட்டும் வழக்கம் பதிப்புலகில் உண்டு. வெட்டிய இடத்தில் மூன்று புள்ளிகள் வைக்கப்படும். பல வேளைகளில் அதுவும் இராது. என் மதிப்பீட்டில் அப்புள்ளிகளுக்குள்தான் போர் இருக்கிறது. 'பாஸிஸ்ட் ஜடாமுனி', 'கப்சிப் தர்பார்' என்னும் நூல்களில் முசோலினியையும் ஹிட்லரையும் எழுதிய அதே கை, கடிதத்தில் எழுதும்போது உலகப்போர் ஒரு மாதச் செலவின் அளவுக்கு இறங்கி வருகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்த ஆய்வு ஏதும் என் பார்வைக்கு வரவில்லை.

இடைசெவலில் தங்கியவர்

கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்களும் இதே அமைப்பை உடையவை. இருவரும் இடைசெவல்காரர்கள், இளமைத் தோழர்கள். அழகிரிசாமி போர்க்காலத்தில் பத்திரிகை வேலைக்காகச் சென்னை வந்தார். பிரசண்ட விகடன், சக்தி எனப் பல இதழ்களில் பணியாற்றினார். 1952இல் தமிழ் நேசனில் பணிபுரிய மலேயா சென்று 1957இல் திரும்பினார். கி.ரா. ஊரிலேயே இருந்தார். கடிதங்களும் ஊரிலேயே இருந்தன.

இக்கடிதங்கள் பொதுவாக நட்பின் ஆவணமாகவும் இசை ரசனையின் ஆவணமாகவும் போற்றப்படுகின்றன. அது சரியே. ஆனால் கி.ரா. அச்சில் எழுத வந்தது 1950களின் பிற்பகுதியில் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கு முன் அவர் எழுதிய உரைநடை என்பது, கதையாக அச்சேறாத உரைநடை, நண்பருக்கு எழுதிய கடிதங்களில்தான் பெருமளவு இருந்திருக்கும். பேச்சுமொழியை உரைநடையின் நடுவிடத்துக்குக் கொண்டுவந்தவரின் பயிற்சிக் களம் அது. நாம் பெற்றிருக்கும் தொகுப்பில் எழுதியவர் அழகிரிசாமி, கி.ரா. அங்கே வாசகர் மட்டுமே. கமலாவைப் போலவே அவரும் காத்தவர். ஒரு வேறுபாடு உண்டு: கி.ரா. பின்னாளில் பெரும் எழுத்தாளர் ஆனதால் அவருடைய காத்தல் நட்பின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. கமலாவின் காத்தல் மனைவியின் கடமையாக எண்ணப்பட்டுப் பேசப்படாமல் போகிறது.

கிழிக்கப்பட்டவையும் வராதவையும்

நம் வீடுகளில் கடிதங்கள் பெட்டிக்குப் போகுமுன் கம்பிக்குப் போயின. மரக்கட்டையில் செருகிய வளைந்த கம்பியில், வந்த கடிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி வைப்பார்கள். திருவான்மியூரில் நான் குடியிருக்கும் வீட்டின் பரணிலும் அப்படி ஒரு கம்பி இருந்தது. வீட்டுக்கார அம்மா அதை எனக்குக் காட்டினார். அடியில் பழையது, மேலே புதியது. எந்தக் காப்பகத்தின் வரிசைமுறைக்கும் குறையாத கால வரிசை அது. ஒவ்வொரு தாளிலும் துளை விழுந்த இடத்தில் ஓரிரு எழுத்துகள் போயிருந்தன. எல்லாவற்றிலும் மேலே பிள்ளையார் சுழி. பிறகு நலம், நலமறிய அவா. பிறகு 'இப்பவும்' என்று செய்தி தொடங்குகிறது.

அக்கம்பியில் சாவுச் செய்தி ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. இறப்பை அறிவிக்கும் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்தெறிவது வழக்கம். அது வீட்டில் தங்கலாகாது. தமிழ்க் கடிதச் சேகரிப்புகளைப் போர்க்கால வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் இவ்வழக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். அக்காலத்தின் மிகக் கனமான செய்திகளைத் தாங்கிய தாள்களே வழக்கத்தால் முதலில் அழிந்தன. எஞ்சிய கடிதங்களில் காணும் அமைதி அக்காலத்தின் அமைதி என்று கொள்வது பிழை.

மற்றொரு வகை இன்மையும் உண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் தமிழகத்துக்கும் இடையே 1945 வரை அஞ்சல் இல்லை. செட்டிநாட்டு வணிகக் குடும்பங்களில் கொடுக்கல் வாங்கல் கடிதங்களே உறவுக் கடிதங்களாகவும் இருந்தவை. வட்டிக் கணக்கின் கீழே குழந்தைக்குப் பெயர் வைத்த செய்தி வரும். அக்கடிதப் போக்குவரத்து மூன்றரை ஆண்டுகள் நின்றுபோனது. கடிதக் கட்டு ஒன்றில் 1941க்குப் பின் நேரே 1945 வருமானால் அந்த இடைவெளி விவரப்பட்டியலில் பதியப்பட வேண்டிய ஒரு செய்தி. 'கடிதங்கள் கிடைக்கவில்லை' என்று எழுதுவதும் 'கடிதங்கள் எழுத இயலவில்லை' என்று எழுதுவதும் ஒன்றல்ல. இவற்றை வேறுபடுத்திக் காட்ட உறையும் அஞ்சல் முத்திரையும் தணிக்கைக் குறியும் வேண்டும். கடிதத்தை அச்சிட்டு உறையை விட்டுவிடும் நம் பதிப்பு வழக்கம் இந்தச் சான்றைத் தானே அழித்துக்கொள்கிறது.

பதிப்பியல் சார்ந்து இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடிதத் தொகுப்புகளின் விவரப்பதிவில் 'ஆசிரியர்' என்னும் கட்டம் இருக்கிறது. 'பெறுநர்' என்னும் கட்டமும் சில இடங்களில் இருக்கிறது. 'காத்தவர்' என்னும் கட்டம் இல்லை. காத்தவர் யார், எந்த ஊரில், எத்தனை வீடு மாறி, எதில் வைத்துக் காத்தார் என்பதை நூலகர் ஒருவர் இரண்டு வரியில் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதப்படும் நாளில் 'கண்மணி கமலாவுக்கு' நூலின் மூலக் கடிதங்கள் புதுமைப்பித்தன் கடிதங்கள் என்னும் தலைப்பின்கீழ் மட்டும் அல்லாமல், கமலா விருத்தாசலம் சேகரிப்பு என்னும் தலைப்பின்கீழும் இடம்பெற வேண்டும்.