முழங்கால் மடியும் மரியாதை

ஒரு காலைப் பின்னே இழு, முழங்கால் இரண்டையும் மெல்ல மடி, முதுகை வளைக்காதே, முகத்துப் புன்னகையை மறைய விடாதே, தடுமாறாமல் எழு, பின்புறத்தைக் காட்டாமல் பின்னோக்கியே நட!

நாட்டியக் கலையின் நல்ல பாடம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! இலண்டன் மாநகரத்துச் செல்வர் வீட்டுச் செல்விகள் பணம் கொடுத்துப் பயின்ற பாடம் இது. முற்காலத்தில் தலையிலே இறகு சூடி, தரையிலே புரளும் ஆடை உடுத்தி, அரியணையின் முன்னே வரிசையாகச் செல்வார்கள். பெயர் படிக்கப்படும், மடிவார்கள், எழுவார்கள், மறைவார்கள். அவ்வளவுதான்; பெரிய இடத்துப் பெண் என்ற முத்திரை விழுந்துவிடும். 1958ஆம் ஆண்டோடு அந்த அறிமுக விழாவை அரண்மனை கைவிட்டது. விழா நின்றது, மடிப்பு நிற்கவில்லை.

அந்த மடிப்புக்கு ஆங்கிலத்தில் 'கர்ட்சி' என்று பெயர். மரியாதை என்று பொருள்படும் 'கர்ட்டசி' என்ற சொல்தான் தேய்ந்து 'கர்ட்சி' ஆயிற்று. பொருளைப் பாருங்கள்! மனிதனை மனிதன் மதிக்கும் பெரும் பண்பைக் குறித்த சொல், தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒரு பெண்ணின் முழங்காலில் வந்து முடங்கிக் கிடக்கிறது. ஆணுக்கோ சலுகை உண்டு. அவன் கழுத்தை மட்டும் சற்றே சாய்த்தால் போதும். 1952 முதல் 2022 வரை எழுபது ஆண்டுகள் ஒரு பெண்ணே அந்த அரியணையில் அமர்ந்திருந்தார். அப்போதும் பெண்ணின் மடிப்புத்தான் பெரிது, ஆணின் சாய்ப்புச் சிறிது.

"கட்டாயம் ஏதுமில்லையே, விரும்பியவர்கள்தானே செய்கிறார்கள்" என்பார்கள். அரண்மனையும் அப்படித்தான் அறிவித்திருக்கிறது. கட்டாயமில்லை! ஆனால் 1992ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தலைமையமைச்சர் பால் கீட்டிங்கின் துணைவியார் அனிட்டா, அரசியின் முன் முழங்கால் மடிக்காமல் நின்றபோது இலண்டன் ஏடுகள் சும்மா இருந்தனவா? இல்லை; கூச்சலிட்டன. செய்தால் செய்தியில்லை, செய்யாவிட்டால் குற்றம் என்றால், அதற்குப் பெயர் விருப்பமா? சட்டம் போட்டு வாங்கும் வணக்கத்தைச் சட்டத்தை எதிர்த்து ஒழித்துவிடலாம். வழக்கம் என்ற பெயரால் வாங்கும் வணக்கத்தை எந்த மன்றத்தில் போய் வழக்காடுவது?

இலண்டன் அரண்மனையின் முழங்கால் நமக்கு எதற்கு என்று நாரணாபுரத்து இளைஞன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. சிவகாசியை அடுத்த அவன் ஊரிலும் முழங்கால்கள் மடிகின்றன. குச்சி அடுக்கவும், திரி வெட்டவும், சரம் பின்னவும் தரையிலே மடிந்து அமர்ந்து, மருந்துத் தூள் படிந்த விரல்களோடு உழைக்கும் முழங்கால்கள் அவை. அந்த மடிப்பிலே சோறு விளைகிறது. அதற்கு நாம் தலை வணங்கலாம். நான் பேச வந்தது, வேலைக்காக மடியும் முழங்காலைப் பற்றியன்று. வேலை ஏதும் இல்லாமலே, 'நீ பெரியவன், நான் சிறியவன்' என்று காட்டுவதற்காக மட்டுமே மடியும் முழங்காலைப் பற்றி. அது அவன் மண்ணுக்கு அயலானதன்று. தெற்கத்திக் கிராமங்களிலே ஆண்டையின் தெருவில் நுழையும்போது தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியதே, காலில் கிடந்த செருப்பு கைக்கு ஏறியதே, அது என்ன? கரிசல் காட்டுக் 'கர்ட்சி'தானே! அங்கே பட்டாடை, இங்கே பழந்துணி; வேறுபாடு அவ்வளவே.

வெள்ளைக்காரனுக்கு இந்த மடிப்பின் பொருள் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அவனைவிட நன்றாக அறிந்தவன் எவனுமில்லை. 1781 முதல் 1785 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் மக்கார்ட்டினி பிரபு. அவரே 1793ஆம் ஆண்டு சீனப் பேரரசரிடம் தூது போனார். அந்நாட்டு முறைப்படி மும்முறை மண்டியிட்டு, ஒன்பது முறை நெற்றியைத் தரையிலே தொடவேண்டும் என்றார்கள். பிரபு மறுத்துவிட்டார்! தம்மை ஒத்த பதவியிலுள்ள சீன அதிகாரி ஒருவர் ஆங்கில மன்னரின் படத்துக்கு முன் அதே வணக்கத்தைச் செய்வதானால் தாமும் செய்வதாகச் சொன்னார். முடிவில், தம் மன்னருக்குச் செய்வதுபோல் ஒரு முழங்காலை மட்டும் மடித்தார். நாடுகளின் மானம் முழங்காலில் அல்லவா கிடந்தது!

ஐந்தே ஆண்டுகள் கழிந்தன. 1798ஆம் ஆண்டு. இராமநாதபுரத்தில் இருந்த கம்பெனியின் ஆட்சித்தலைவர் ஜாக்சன், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை வரச்சொல்லி ஓலை விடுத்தார். வந்தவரைக் காண மறுத்து, ஊர் ஊராக அலையவிட்டார். குற்றாலம், சிவகிரி, திருவில்லிபுத்தூர், பாவாலி, பாலையம்பட்டி, கமுதி என்று அந்தப் பயணம் நீண்டது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் ஊடாகவே அந்த அவமானம் நடந்து சென்றது. கடைசியில், செப்டம்பர் மாதம், இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் பேட்டி கிடைத்தது. எப்படிப்பட்ட பேட்டி? மூன்று மணி நேரம் நிற்கவைத்து நடத்திய பேட்டி! அமர ஓர் இருக்கை தரப்படவில்லை. கைகலப்பு மூண்டது, துணைத் தளபதி கிளார்க் மாண்டார். விசாரணை நடத்திய கம்பெனி ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டே, 1799 அக்டோபர் 16ஆம் நாள், கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது.

1959ஆம் ஆண்டு வந்த திரைப்படத்தில் கட்டபொம்மன் முழங்குகிறார், கொட்டகை அதிர்கிறது. அந்த முழக்கம் உரையாடல் எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் கொடை. சிவாஜி கணேசனின் குரல் வளம். குறை சொல்லவில்லை. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வரும் இளைஞன் முழக்கத்தை நினைவில் வைக்கிறான். நின்ற மூன்று மணி நேரத்தை மறந்துவிடுகிறான். எனக்கோ அந்த மூன்று மணி நேரமே பெரிதாகத் தெரிகிறது. வரித் தொகையின் பொருட்டு எழுந்த பகை அது என்பது உண்மை. ஆனால் உட்கார நாற்காலி தராததன் பொருளை இருவருமே அறிந்திருந்தார்கள். சீனத்தில் மக்கார்ட்டினி எதை மறுத்தாரோ, அதையே இராமநாதபுரத்தில் ஜாக்சன் கேட்டார். தனக்கு வந்தால் மானம், பிறனிடம் கேட்டால் மரியாதை!

1911ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் தில்லி தர்பாரில், இந்திய மன்னர்கள் ஒவ்வொருவராக வந்து ஐந்தாம் ஜார்ஜின் முன் வணங்கிப் பின்னோக்கியே நகர்ந்தனர். பரோடா மன்னர் சாயாஜிராவோ, அணிகலன்களைக் குறைத்து, கைத்தடியோடு வந்து, ஒருமுறை தலைசாய்த்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். பேரரசு பதறியது! பிறகு அவரே விளக்கக் கடிதம் எழுதினார் என்பதும் வரலாறு. துணிவா தடுமாற்றமா என்று ஆராய்வோர் ஆராயட்டும். ஒருவன் முதுகைக் கண்டு நடுங்கிய பேரரசின் வலிமை எத்தகையது என்பதுதான் என் வியப்பு.

பெண்ணின் உடலைக் கொண்டே மரியாதையை அளக்கும் கொடுமையில் இலண்டனை மிஞ்சியது திருவிதாங்கூர். அங்கே பெண் மேலாடையை நீக்கி நிற்பதே மேலோர்க்குச் செய்யும் வணக்கம்! முழங்காலை மடி என்றது ஆங்கில அரண்மனை. மார்பைத் திற என்றது மலைநாட்டு வழக்கம். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றே பேசவேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டின் இன்னொரு முனை. நாடார் குலப் பெண்கள் குப்பாயம் அணிந்தார்கள்; கிழித்தார்கள். மீண்டும் அணிந்தார்கள்; வீடுகள் எரிந்தன. 1822இல் தொடங்கிய கலகம் 1859 வரை ஓயவில்லை. அவ்வாண்டு சூலை மாதம் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட ஆணை, மார்பை மறைக்க இசைந்தது. உயர்குலப் பெண்களைப் போல் மட்டும் அணியக்கூடாது என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்தது. விட்டுக் கொடுக்கும்போதும் வேறுபாட்டை விட்டுவிட மனமில்லை, பார்த்தீர்களா?

தமிழ் இலக்கியம் இதற்கு என்ன சொல்கிறது? மேடைகளிலே நம்மவர் மோசிகீரனாரைச் சொல்வார்கள். முரசு கட்டிலில் அறியாமல் உறங்கிவிட்ட புலவருக்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி வீசினான் என்பது புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு. முடி குனிந்து புலமைக்கு விசிறிய காட்சி, உண்மையிலேயே உயர்ந்த காட்சி. ஆனால் அதே நூலின் ஆறாம் பாட்டில், முனிவரும் அந்தணரும் ஏந்திய கையின் முன் உன் முடி வணங்கட்டும் என்று காரிகிழார் பாண்டியனுக்குச் சொல்கிறாரே, அதை ஏன் மேடையில் சொல்வதில்லை? பழமை முழுதும் பொற்காலம் என்று பாடுவது பகுத்தறிவாகாது. குனிவும் இருந்தது, நிமிர்வும் இருந்தது.

இரண்டையும் ஒரே மன்றத்தில் காட்டிய பெருமை இளங்கோவடிகளைச் சாரும். பாண்டியன் வாயிலில் கண்ணகி வந்து நிற்கிறாள். வாயிலோன் உள்ளே ஓடி, வாழி வாழி என்று அடுக்கி, அரண்மனை முறைப்படி அவள் வரவை அறிவிக்கிறான். முறை என்றால் அதுதான் முறை. மன்னனை வாழ்த்தாமல் ஒரு செய்தியைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது. கண்ணகி உள்ளே வருகிறாள். வாழ்த்தவில்லை; வணங்கவில்லை; மடியவில்லை. கேட்கிறாள்! சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, மன்னன் வீழ்கிறான். அந்த மன்றத்திலேயே இன்னொரு பெண்ணும் இருக்கிறாள்: கோப்பெருந்தேவி. அவள் கணவனின் அடிகளைத் தொழுது வீழ்ந்து மடிகிறாள். ஒருத்தி நாடாளும் வேந்தன் முன்னும் நிமிர்ந்தாள். மற்றொருத்தி இறக்கும்போதும் குனிந்தாள். உரையாசிரியர்களும் பட்டிமன்றப் புலவர்களும் இருவரையும் 'கற்பு' என்ற ஒரே கூடையில் போட்டு, நிமிர்ந்தவளையும் குனியவைத்துவிட்டார்கள். கணவனின் பொருட்டுத்தானே கண்ணகியும் வந்தாள் என்பர். ஆம், கணவனுக்காக வந்தாள், கேட்டது நீதியை. மன்னனிடம் கேட்பதற்கு முன் மண்டியிடவேண்டும் என்ற நினைவே அவளுக்கு எழவில்லை என்பதுதான் அந்தக் காதையின் ஆற்றல்.

அப்படியானால் வணக்கமே வேண்டாமா? வேண்டாம் என்று யார் சொன்னது? சப்பானியன் இடுப்பை வளைக்கிறான். எதிரே நிற்பவனும் வளைக்கிறான். நாம் கை கூப்புகிறோம்; எதிரே இருப்பவரும் கூப்புகிறார். கொடுத்த வணக்கம் திரும்பி வருமானால் அது பண்பு. ஒரு பக்கமே ஓடுமானால் அதற்குப் பெயர் வரி! செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் நாயனக் கலைஞர் சிவக்கொழுந்துவின் தோள் துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவேண்டாம் என்று தடுத்து நின்றார் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. துண்டைத் தோளில் போடுவது ஒரு காலத்தில் இந்நாட்டில் போராட்டமாக இருந்தது என்பதை இன்று ஆறு முழத் துண்டைத் தரை புரள விடுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1931இல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது எந்த ஊரில்? விருதுநகரில்! 1961 பிப்ரவரியில் ஆங்கில அரசி சென்னைக்கு வந்தபோது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவரும் அந்த விருதுநகரில் பிறந்த காமராசர். அந்த நாற்காலியை அவருக்குத் தந்தது எந்த முடியும் அல்ல, மக்களின் வாக்கு.

சியாம் நாட்டிலே 1873ஆம் ஆண்டு சூலாலங்கார்ன் மன்னன், தன் முன் எவரும் தரையில் விழுந்து கிடக்கவேண்டாம், எழுந்து நின்று தலைதாழ்த்தினால் போதும் என்று தானே ஆணையிட்டான். குப்புறக் கிடந்த அவையினரை மன்னனே எழுப்பிவிட்டான்! வழக்கம் விட்டதா? இல்லை. 2017ஆம் ஆண்டு பாங்காக்கில், அம்மன்னன் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகத்தில், அம்மன்னன் சிலையின் முன்னேயே புது மாணவர்கள் விழுந்து வணங்கவேண்டும் என்றார்கள். நெட்டிவிட் என்ற மாணவனும் தோழர் சிலரும் விழாமல் நின்றே தலைதாழ்த்தினர். அதற்காக மாணவர் மன்றப் பதவியை இழந்தனர். விழவேண்டாம் என்ற மன்னனின் சிலைக்கே விழாததற்குத் தண்டனை! சிலைக்குக் காது இல்லை என்பது எவ்வளவு வசதி!

சிரிக்கிறோம். சிரித்த வாயோடு நம் வீட்டுக் கண்ணாடியையும் பார்த்துவிடலாம். மன்னர் மானியத்தை 1971இல் ஒழித்த நாடு இது. பட்டங்கள் கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாடு. நீதிபதிகளை 'பிரபுவே' என்று விளிக்கவேண்டியதில்லை என்று 2006இல் வழக்கறிஞர் கழகமே தீர்மானித்தது. இன்றும் மன்றங்களில் அந்த விளி ஒலிக்கிறது. அது போகட்டும். தமிழகத்திலே, தோளில் துண்டு போடக் கற்றுக்கொடுத்த இயக்கத்தின் பெயரைக் கட்சிப் பெயரில் சுமந்துகொண்டே, அமைச்சர்கள் வரிசையாக நெடுஞ்சாண்கிடையாக விழுந்ததை நாம் படமாகவே பார்த்தோம். தலைவரின் காலில் விழுந்தார்கள். தலைவர் ஏறிய ஊர்தியின் சக்கரத்தருகே விழுந்தார்கள். கால் தரையில் இல்லாதபோதும் விடவில்லை. வானத்திலே பறந்த ஹெலிகாப்டரை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பிக் குனிந்தார்கள். மேலே இருந்தவருக்கு அது தெரிந்ததோ என்னவோ, அந்த வானூர்தியை ஓட்டியவரைத்தான் கேட்கவேண்டும்!