வௌவாலும் கோர்வையும்

2025 ஜூலை 22-இல் பிளாக் சபாத் ராக் இசைக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறந்தார். தமிழில் நான் படித்த அஞ்சலிகள் அத்தனையிலும் அந்த வௌவால் தவறாமல் வந்தது. 1982 ஜனவரியில் அமெரிக்காவின் டெமாய்ன் நகர மேடையில், யாரோ வீசியதை ரப்பர் பொம்மை என்று நினைத்து அதன் தலையைக் கடித்துவிட்ட கதை. அவர் எப்படிப் பாடினார் என்று ஒரு வரி தேடினேன், அகப்படவில்லை. இதைச் சொல்லிக் குறைபட்டபோது நண்பர் ஒருவர் மறுத்தார். கதைதான் சார் வாசல், அது இல்லாவிட்டால் காஞ்சிபுரத்தில் எவன் பிளாக் சபாத் கேட்பான் என்றார்.

வாசல்தான், ஒப்புக்கொள்கிறேன். நானும் அந்த வழியாக நுழைந்தவன்தான். பாட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடும் கதைகளும் உண்டு. பிளாக் சபாத்தின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி, 17 வயதில் பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி கட்டினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த மூன்றாவது தொகுப்பின் கனத்த ஒலிக்கு அந்தத் தளர்ந்த தந்தியும் ஒரு காரணம்.

இப்படிப்பட்ட கதைகள் அரிது. மற்றவையெல்லாம் வாசலிலேயே நம்மை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுகின்றன. வௌவால் எந்தப் பாட்டை விளக்குகிறது? பிளாக் சபாத்தின் 'அயர்ன் மேன்' பாட்டைக் கேளுங்கள். நம் கச்சேரியில் பாடகர் போகும் வழியில் வயலின் போகும். அங்கே கிடார் போட்ட தடத்திலேயே குரல் நடக்கிறது. ஆஸியைப் பற்றி எழுத இது ஒன்று போதும். இதற்குப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும், வௌவாலுக்கு அந்தச் சிரமம் இல்லை.

நம் வீட்டுக் கதையும் இதுதான். 2018 ஜனவரி 6-இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முறையாக மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் தொடங்கியது, தென்மா இசையமைத்தது, அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது எல்லாம் எழுதியாயிற்று. எழுதப்பட வேண்டியவையே. ஆனால் பறையும் சட்டியும் கட்ட மோளமும் மின்கிடாரோடு ஒரே மேடையில் எப்படி ஒத்துப்போயின? பேச்சைப் போல முந்தியும் பிந்தியும் போகும் கானாக் குரலுக்கு, எண்ணி அடிக்கும் ட்ரம்ஸ் எங்கே இடம் விட்டது? இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அரசியலைப் பாராட்டியவர்களும் திட்டியவர்களும் கலையைத் தொடாமலே போய்விட்டார்கள். கேட்காமலேயே பாராட்டுவதும் ஒரு வகை அவமதிப்புதான்.

பட்டிலும் இப்படித்தான். எங்கள் ஊரான காஞ்சிபுரத்தின் பட்டுக் கடைகளில் மார்க்கண்டேய முனிவர் தாமரை நூலில் நெய்த கதையைச் சொல்லித்தான் சேலையை விரிப்பார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் அந்தக் கதைக்கு நேரமில்லை. மூன்று நாடா, இரண்டு ஆள். ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இணைப்புக்குப் பெயர் கோர்வை. சேலை தெரிந்தவர் முதலில் விரல் வைத்துப் பார்ப்பது அங்கேதான். முனிவர் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், கோர்வை தளர்ந்தால் கரை தனி, உடல் தனி.

எங்கள் ஊர்ப் பாடகர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளைக்கும் (1889–1934) நாங்கள் செய்தது இதுவே. அவருடைய ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்றதும் மேடையில் எத்தனை பக்கவாத்தியம் என்று எண்ணுகிறோம். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் அத்தனையும் சூழ்ந்திருக்க, ஒற்றைக் குரல் பல்லவியை எப்படித் தாங்கிப் பிடித்தது என்பதைச் சொல்ல இன்று ஊரில் ஆளில்லை. கதை மிஞ்சியது, பாட்டு நழுவியது.

பேண்ட் கதை எழுதுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பாட்டின் ஒரே ஒரு நிமிடத்தையாவது கேட்டு, அங்கே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். வௌவாலை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.