பன்றிக்குச் சர்க்கரை இல்லை

சொந்தத்தில் யாருக்காவது ‘அடைப்பு’ என்றால் நாம் கேட்கிற முதல் கேள்வி, ‘ஸ்டென்ட் வெச்சா எவ்வளவு ஆகும்?’ நமக்கு முன்னால் அதை யாருக்கு வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்பதில்லை. பெரும்பாலும், பன்றிக்கு.

பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் கிட்டத்தட்ட நம்முடையது மாதிரிதான். நமக்கான ஸ்டென்ட் அதற்கும் பொருந்தும். வழக்கமாக 28 நாள் கழித்து ரத்தக்குழாயை எடுத்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கம்பியை உள்தோல் மூடியிருக்கிறதா? சதை வளர்ந்து மறுபடி அடைக்கிறதா? வீக்கம் உண்டா? நல்ல பரீட்சைதான். அது இல்லாமல் மனிதனிடம் வருவதும் தப்பு.

என் புகார் வேறு. பரீட்சை எழுதுவது பெரும்பாலும் ஆரோக்கியமான இளம் பன்றி. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை, ரத்தக்குழாய் புதுப் பைப் மாதிரி. புண் ஒரே மாதத்தில் ஆறிவிடும். ஸ்டென்ட் தேவைப்படுகிறவருக்கோ அறுபது வயசு, இருபது வருஷச் சர்க்கரை, குழாயெல்லாம் கொழுப்பும் சுண்ணாம்பும். அவருக்கு ஆற மாதக்கணக்காகும்.

மருந்து பூசிய ‘சைஃபர்’ ஸ்டென்ட்டுக்கு 2003 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி தந்தது. சதை வளர்வதை அந்த மருந்து ஜோராகத் தடுத்தது. கூடவே உள்தோல் மூடுவதையும் தாமதப்படுத்தியது. மூடாத கம்பியில் ரத்தம் உறையும். உறையாமலிருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை மூன்று மாதம் போதும் என்றார்கள். மனிதர்களிடமும் சோதித்திருந்தார்கள்தான். ஆனால், சிக்கலில்லாத அடைப்புகளாகப் பார்த்து!

ரேணு விர்மானி என்கிற அமெரிக்க நோய்க்கூறு நிபுணரின் குழு, இறந்தவர்களின் ரத்தக்குழாய்களை அறுத்துப் பார்த்து, பல ஸ்டென்ட்டுகள் சரியாக மூடவே இல்லை என்று 2006-ல் எழுதியது. அதே வருஷம் பார்சிலோனா மருத்துவ மாநாட்டில் பெரிய களேபரம். 2007 ஜனவரியில் அமெரிக்க இதய அமைப்புகள், மாத்திரையைப் பன்னிரண்டு மாதம் சாப்பிடச் சொல்லின. மூன்று பன்னிரண்டானது. அந்த ஒன்பது மாத வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தது பன்றி அல்ல, மனிதர்கள்.

பாடம் படித்தோமா? உடம்பிலேயே கரைந்து போகும் ‘அப்ஸார்ப்’ வந்தது. பன்றிகளில் மூன்று வருஷத்துக்கு மேலும் பார்த்தார்கள். பெரிய குறையில்லை. 2016 ஜூலையில் அமெரிக்க அனுமதி. மனிதர்களிடம் ரத்தம் உறைவது அதிகமாகத் தெரியவர, 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

மூட்டையின் மேலாகக் கைவிட்டு எடுத்த அரிசியை வைத்து அடி மூட்டைக்குச் சான்று தருகிற கதை இது. கொழுப்புத் தீனி போட்டு ரத்தக்குழாயைக் கெடுத்த முயல், பன்றிகளும் சோதனைக்கு உண்டு. ஆனால் செலவு, தாமதம். பன்றி பாஸானது வெறும் ஹால் டிக்கெட். மார்க் ஷீட் மாதிரி அதை நீட்டுவதுதான் எரிச்சலாக இருக்கிறது.

எனவே, விலை விசாரித்த கையோடு டாக்டரிடம் இதையும் கேளுங்கள்: ‘இந்த மாடல் மனுஷங்க உடம்புல எத்தனை வருஷம் இருந்து பார்த்திருக்காங்க?’ அவர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். உங்கள் புண் இருபத்தெட்டு நாளில் ஆறாது.