கதவைத் திறப்பவர் யார்? – ஜெனி ஏர்பென்பெக்கின் அகதி நாவல் பற்றிய ஒரு நோக்கு

2015ஆம் ஆண்டில், ஐரோப்பாவின் எல்லைகளை நோக்கி அகதிகள் பெருந்தொகையாக நடந்துகொண்டிருந்த வேளையில், ஜேர்மன் மொழியிலே ஒரு நாவல் வெளிவந்தது. ஆசிரியர் 1967இற் கிழக்குப் பேர்லினிற் பிறந்த ஜெனி ஏர்பென்பெக். 'போதல்' என்னும் வினையின் மூன்று திரிபுகளே நூலின் தலைப்பாகும். 2017இல் சூசன் பேர்னொவ்ஸ்கியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததன் பின்னரே நம்மிற் பலர் இதனைப் படிக்க முடிந்தது. மனிதாபிமானம் மிக்க படைப்பு என இது பாராட்டப்பட்டுள்ளது. அப்பாராட்டோடு நின்றுவிடின், நாவல் எழுப்பும் கடினமான வினா நழுவிவிடும்.

கதைத்தலைவன் றிச்சாட் ஓய்வுபெற்ற செவ்வியல் மொழிப் பேராசிரியன்; மனைவியை இழந்தவன். பேர்லின் நகரமண்டபத்தின் முன் உண்ணாவிரதமிருந்த ஆபிரிக்க இளைஞரை அவன் கடந்து சென்றான், ஆயினும் காணவில்லை. அன்றிரவு தொலைக்காட்சியிலேதான் காண்கிறான். பின்னர் வினாப்பட்டியலொன்றைத் தயாரித்துக்கொண்டு, ஒரானியன் சதுக்கத்திலிருந்து அகற்றப்பட்டோரைத் தேடிச் செல்கிறான். ஆபிரிக்க நாடுகளின் தலைநகரங்களைக்கூட அறியாத தன் கல்வியை எண்ணி அவன் வெட்கமுறும் பகுதி, பல்கலைக்கழகத்தாராகிய நம்மையும் சற்றே உறுத்தக்கூடியது.

நாவலின் உண்மையான வலிமை, சட்டம் பேசப்படும் பக்கங்களிலேயே உள்ளது. லிபியாவிலிருந்து படகேறி இத்தாலியிற் கரைசேர்ந்த இவர்களின் பொறுப்பு, டப்ளின் ஒழுங்குவிதியின்படி இத்தாலிக்கே உரியது. அங்கே வேலை இல்லை. இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. மத்தியதரைக் கடற்கரை இல்லாத நாடு அக்கடலோர நாட்டைச் சுட்டிக்காட்டித் தன் கையைக் கழுவிக்கொள்ள இவ்விதி இடமளித்தது. மனித மாண்பு, சுதந்திரம், சனநாயகம், சமத்துவம், சட்டவாட்சி, மனித உரிமைகள் ஆகியவற்றின் மீதே தான் நிறுவப்பட்டுள்ளதாக ஐரோப்பிய ஒன்றியம் தன் உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரையிற் கூறுகின்றது. இச்சொற்களுக்கும் அகதியின் கையிலுள்ள கடதாசிக்கும் இடையிலான தூரத்தை, பிரசாரக் குரல் எதுவுமின்றி, அலுவலகச் சொற்களைக் கொண்டே ஏர்பென்பெக் அளந்து காட்டுகிறார். பண்டைய ஜேர்மானியரின் விருந்தோம்பல் பற்றி டசிற்றஸ் எழுதியதை ஒரு வழக்கறிஞர் எடுத்துக்காட்டும் இடம், நூலின் மிகக் கசப்பான நகைச்சுவையாகும்.

குறைகளும் உள. இளைஞர்களின் பெயர்கள் மனத்திற் பதியாமையால் அப்பொலோ, திறிஸ்ரன் எனத் தன் நூலறிவிலிருந்து றிச்சாட் பெயர் சூட்டுகிறான். இது பாத்திரத்தின் குறைபாடு என்று ஆசிரியர் அறிவார். ஆயினும் நாவலும் அப்பழக்கத்துக்குள் விழுந்து, அவர்களின் வாழ்வைப் பேராசிரியனின் செவி வழியாகவே பெரும்பாலும் தருகின்றது. இதனினும் பெரிய குறை வேறொன்று. அகதிகளை ஏற்க மறுக்கும் குடிமக்கள் இந்நூலில் ஓரமாகவே வந்து போகின்றனர். அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. 120,000 பேரைப் பகிர்ந்தேற்பதென 2015 செப்டெம்பரில் ஒன்றியம் தீர்மானித்தபோது ஹங்கேரி, செக், சிலோவாக்கியா, ருமேனியா ஆகியன எதிர்த்து வாக்களித்தன. பெரும்பான்மை வாக்கினாலேயே தீர்மானம் நிறைவேறிற்று. போலந்தும் ஹங்கேரியும் செக்கும் கடமை தவறினவென ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அவ்வரசுகளோ தம் மக்களின் விருப்பத்தையே காரணங் காட்டின. ஜேர்மனியிலும் குடிவரவை எதிர்க்கும் கட்சியொன்று 2017இற் கூட்டாட்சிப் பாராளுமன்றத்தில் நுழைந்து, 2025இல் இரண்டாம் இடத்தைப் பெற்றது. ஒரே உறுப்புரையில் அருகருகே எழுதப்பட்ட சனநாயகமும் மனித மாண்பும் ஒன்றோடொன்று மோதும் இவ்விடத்திற்றான் ஒன்றியம் திணறுகின்றது. அங்கே நாவல் நம்மை அழைத்துச் செல்லவில்லை.

ஆயினும் றிச்சாட்டின் கடந்த காலத்தை ஆசிரியர் கையாளும் முறை குறிப்பிடத்தக்கது. போர் முடிவில் சிலேசியாவிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை அவன். நெரிசலில் தாயைப் பிரிந்துவிடவிருந்தவன். பின்னர் 1990இல் அவன் வாழ்ந்த நாடே இல்லாமற் போயிற்று. எல்லை என்பது ஒரே நாளில் அழியவும் தோன்றவும் கூடியதென அவன் அறிவான். தமிழ் வாசகர்க்கு இவ்விடத்தில் வேறொரு நினைவும் எழும். எண்பதுகளில் நம்மவர் பலர் கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்தே மேற்குப் பேர்லினுக்குச் சென்று தஞ்சம் கோரினர். மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலின் பேரில், உரிய விசா இல்லாத தமிழருக்கு அவ்வழியைக் கிழக்கு ஜேர்மனி 1985இல் அடைத்தது. தன் குடிமக்களை வெளியேறவிடாது தடுத்த மதில் பிறரை உள்ளே விடாத வாயிலாகவும் பயன்பட்டமை றிச்சாட்டின் நினைவில் இல்லை.

நாவலின் இறுதியில் அரசு தந்த உறுதி சட்டப்படி செல்லாததாகிறது. றிச்சாட்டின் வீட்டில் திருட்டு நிகழ்கிறது, தான் நேசித்த இளைஞனையே அவன் சந்தேகிக்கிறான், உண்மை தெளிவாவதில்லை. இருந்தும் அவனும் நண்பர்களும் வெளியேற்றப்பட்டோருக்குத் தம் வீடுகளைத் திறக்கின்றனர். இதனைச் சிலர் நம்பிக்கையான முடிவென்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உரிமையாகக் கிடைக்க வேண்டியது ஒரு முதியவனின் இரக்கமாகச் சுருங்கிவிட்டது. அகதிகளை ஏற்க விரும்பாத நாடு அதற்குப் பதிலாகப் பணம் செலுத்தலாமென ஒன்றியம் 2024இற் புதிய விதிகளை இயற்றியது. றிச்சாட்டின் தரையிற் படுத்துறங்குவோர் அடுத்த குளிர்காலத்தில் எங்கே போவர் என்பதை ஏர்பென்பெக் எழுதவில்லை. எழுத முயன்றிருப்பின் நாவல் பொய்யாகியிருக்கும்.